பக்கத்து இருக்கைக்காரருக்குச் செய்த பல்

அவருடைய தொழில் பல் கட்டுவது. மருத்துவர் அல்லர், மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சைக் கொண்டு, ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்க அறையில் அமர்ந்து, பல் செட் செய்து கொடுப்பவர். நகரத்தின் பதினொரு பல் மருத்துவமனைகள் அவரை நம்பி நடந்தன. ஆனால், அவற்றுள் ஒன்றிலும் அவர் ஒரு நோயாளியைக் கண்டதில்லை. காலையில் ஈரத் துணியில் சுற்றிய அச்சு வரும். அதன் மேல் ஓர் எண் இருக்கும். அச்சில் சுண்ணக் கலவையை ஊற்றி வார்ப்பு எடுப்பார், மெழுகில் பல் வரிசையை நிறுத்திப் பார்ப்பார், தேய்ப்பார், மெருகிடுவார், சனிக்கிழமை மாலை எல்லாவற்றையும் எண் பிசகாமல் அனுப்பி வைப்பார்.

வார்ப்பைப் பார்த்தே ஆளைச் சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு. இவர் தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர். இந்த அம்மாள் தையல் நூலைப் பல்லால் அறுப்பவர். இவர் கோபத்தை வெளியே காட்டாதவர். சரியென்றோ தவறென்றோ சொல்ல எவரும் அந்த அறைக்கு வந்ததில்லை. மருத்துவமனைகளில் அவருக்குப் ‘பல் மாஸ்டர்’ என்று பெயர். அதுவும் தொலைபேசியில் அழைக்கத்தான்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. திருமணம் ஆகவில்லை. அதற்குக் காரணம் என்று தனியே ஒன்றும் இல்லை. பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். வேறோர் ஊரில் இருக்கும் அக்கா ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசியில் பேசுவாள். வாரத்தின் மற்ற நாள்களில் அவர் வாயிலிருந்து வரும் சொற்களை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

ஒரே விதிவிலக்கு கிரிக்கெட்.

பெரிய ஆட்டங்கள் அல்ல. உள்ளூர்ச் சங்கங்கள் மூன்று நாள்கள் ஆடும் ஆட்டங்கள். அனுமதி இலவசம். மூவாயிரம் பேர் அமரக்கூடிய கிழக்கு ஸ்டாண்டில் நாற்பது பேர் இருப்பார்கள். அந்த நாற்பது பேரும் எப்படி அமர்வார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஒருவருக்கொருவர் இடைஞ்சல் இல்லாத தூரத்தில் தனித்தனியே குடை, செய்தித்தாள், தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றோடு குடியேறுவார்கள். ஒருவர் இடத்தில் மற்றொருவர் அமர்வதில்லை. அப்படி ஒரு விதியும் எழுதப்பட்டிருக்கவில்லை. நல்ல அடிக்குக் கை தட்டுவார்கள். அடித்தவன் எந்தக் கட்சி என்று பார்ப்பதில்லை. அவுட் ஆகித் திரும்புகிறவனுக்கும், அவன் நாற்பது ஓட்டம் எடுத்திருந்தால், நான்கு தட்டு உண்டு.

அந்த நாற்பதில் இருவர் மட்டும் அருகருகே அமர்ந்தார்கள். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாளில், கூரை ஒழுகாத இடம் இரண்டே இருக்கைகள்தாம் என்பதால் நேர்ந்த அண்மை அது. மழை விட்ட பிறகும் இருவரும் எழுந்து போகவில்லை. பல் மாஸ்டருக்கு இடப்பக்கம் அமர்ந்தவர் அவரினும் ஏழெட்டு வயது மூத்தவர். ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இருவரும் ஒருவரையொருவர் ‘சார்’ என்றே அழைத்தனர். ஒரே சார் பக்கத்தில் இருக்கும்போது வேறு பெயர் எதற்கு?

கிரிக்கெட் பார்ப்பவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. கண்கள் ஆடுகளத்தில் இருக்கும். பேச்சு பக்கவாட்டில் நடக்கும். அதனால், முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதவற்றையும் அங்கே சொல்லலாம். ஓர் ஓவர் முடிந்ததும் ஒரு வாக்கியம். பதில் அடுத்த ஓவருக்குப் பின் வந்தாலும் குற்றமில்லை. சில கேள்விகளுக்கு மறுநாள் பதில் கிடைத்ததுண்டு. இப்படித்தான் பக்கத்து இருக்கைக்காரரின் வீட்டுக் குளியலறை ஒழுகுவதும், மனைவிக்கு முழங்கால் வலி வந்ததும், இளைய மகள் ஒரு வருடம் பேசாமல் இருந்ததும், மூத்த மருமகன் கால்பந்துப் பித்தன் என்பதும் பல் மாஸ்டருக்குத் தெரிந்தன.

“நீலச் சட்டைக் கட்சி எங்க ஆடினாலும் போயிடுவான் சார். கோலுக்குப் பின்னாடி, வடக்குப் பக்கம். என்னையும் கூப்பிடுறான். அது என்ன ஆட்டம், தொண்ணூறு நிமிஷம் ஓடிட்டு ஒண்ணுமே நடக்கலைன்னு வீட்டுக்கு வர்றது?”

ஓர் ஓவர் கழிந்தது.

“நாம மூணு நாள் உக்காந்து, டிரான்னு எழுந்து போறோமே சார்.”

“அது வேற.”

சென்ற பருவத்தின் கடைசி ஆட்டத்தில், இரண்டாம் நாள், பக்கத்து இருக்கைக்காரர் வேர்க்கடலை ஒன்றைக் கடித்தார். டக்கென்று ஓசை கேட்டது. வாயிலிருந்து மூன்று பல் வைத்த சிறு தகட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கம்பிக் கொக்கி முறிந்திருந்தது.

பல் மாஸ்டர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாரு சார் இதைப் பண்ணினது?”

“ஏன் சார், அவ்வளவு மோசமா?”

“கோவப்படாதீங்க. தகரக் கடையில பண்ணின மாதிரி இருக்கு.”

“வாயில இருந்த நேரத்தைவிட பாக்கெட்ல இருந்த நேரம்தான் ஜாஸ்தி.”

“நான் பண்ணித் தரேன்.”

பதினான்கு ஆண்டுகளில் பல் மாஸ்டர் தம் தொழிலைப் பற்றிச் சொன்னது அன்றுதான். பக்கத்து இருக்கைக்காரர் அவரை அதுவரை ஏதோ வங்கியில் வேலை செய்பவர் என்று எண்ணியிருந்தாராம்.

மறுநாள் பல் மாஸ்டர் ஒரு பையில் அச்சுத் தட்டும், பொடியும், கலக்கும் கிண்ணமும் கொண்டு வந்தார். உயிருள்ள வாய்க்குள் அவர் கை வைப்பது அதுவே முதல் முறை. பொடியைக் குழைத்துத் தட்டில் நிரப்பி, “வாயைத் திறங்க சார், மூணு நிமிஷம் அசையாதீங்க” என்று பொருத்தினார். மூன்று வரிசைக்குப் பின்னால் குடை பிடித்திருந்த ஒருவர் கேட்டார்: “என்னங்க, வாயை அடைச்சிட்டீங்களா? நாலு வருஷத்துக்கு முன்னாடியே செஞ்சிருக்கலாம்.”

இரண்டாம் நிமிடத்தில் ஒரு விக்கெட் விழுந்தது. பக்கத்து இருக்கைக்காரர் வாய் நிறைய அச்சோடு, கண்ணில் நீர் தளும்ப, ‘ம்ம் ம்ம்’ என்று முனகிக்கொண்டே கை தட்டினார். அவர் தலை அசையாதபடி பல் மாஸ்டர் இரு கைகளாலும் தாடையைப் பிடித்திருந்ததால், தம் பங்குக்குக் கை தட்ட முடியவில்லை.

அந்த அச்சு நேரமானால் சுருங்கிவிடும். அதனால் அதை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு உடனே புறப்பட வேண்டியதாயிற்று.

“அடுத்த சீசன்ல பார்க்கலாம் சார்.”

“ஆகட்டும் சார்.”

கடைசி நாளில், நண்பகலில், அவ்வளவுதான் விடை.

வார்ப்பின் அடியில் எண் எழுத வேண்டிய இடத்தில் அவர் பென்சிலால் ‘கிழக்கு ஸ்டாண்டு’ என்று எழுதினார். ஆட்டமில்லாத ஆறு மாதங்களில் அந்தத் தகட்டை அவர் நான்கு முறை செய்தார். முதல் மூன்றும் மருத்துவமனைக்கு அனுப்பத்தக்கவைதாம், இருந்தும் கழித்தார். பக்கத்துப் பற்களில் அறுபத்தைந்து வயதின் மஞ்சள் இருந்ததை அச்செடுத்த அன்றே குறித்து வைத்திருந்தார். அந்த மஞ்சளையே மூன்று பல்லுக்கும் ஏற்றி, ஒன்றின் ஓரத்தில் ஒரு மெல்லிய கீறலும் வைத்தார். உற்றுப் பார்த்தாலும் வைத்த பல் என்று சொல்ல முடியாது. ஒரு சிறு பெட்டியில் அதை வைத்துக்கொண்டு, பருவத்தின் முதல் நாள் ஸ்டாண்டுக்குப் போனார்.

இடப்பக்க இருக்கை காலியாக இருந்தது. இரண்டாம் நாளும், மூன்றாம் நாளும் அவ்வாறே. அடுத்த ஆட்டத்திலும் அந்த இருக்கைக்கு எவரும் வரவில்லை. அதற்கடுத்த ஆட்டத்தில் அவர் குடைக்காரரிடம் கேட்டார். “உங்ககூடத்தானே உக்காருவாரு? நீங்கதான் சொல்லணும்” என்றார் குடைக்காரர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னார்.

“பேரு என்னடா?”

“தெரியாதுக்கா.”

“வீடு?”

“பாத்ரூம் ஒழுகும்.”

“தெருவைக் கேட்டா பாத்ரூமைச் சொல்றான். போன் நம்பர்?”

“மேட்ச்லதான் பார்ப்போமே, நம்பர் எதுக்குன்னு...”

“பதினாலு வருஷம். எங்க வீட்டுக்காரரோட ரயில்ல ஒருநாள் வந்தவன் ஜாதகமே குடுத்துட்டுப் போனான். நீ பேரு தெரியாதவனுக்குப் பல்லைக் கட்டிட்டு உக்காந்திருக்கே. வேற யாருக்காவது வச்சிவிட முடியாதா?”

“அது அவருக்கு மட்டும்தான்க்கா பொருந்தும்.”

அக்கா, “உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்குமோ?” என்று மெதுவாகக் கேட்டாள். அவரும் அதைத்தான் மூன்று வாரங்களாக நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இவ்வுலகில் பேச்சுத் துணை என்று இருந்தது அந்த ஓர் இருக்கைதான். அதில் இருந்தவர் இருக்கிறாரா இல்லையா என்று கேட்பதற்குக்கூட அவரிடம் ஒரு கதவு இல்லை. மருமகனின் நீலச் சட்டைக் கட்சி மட்டும் இருந்தது.

அந்தக் கட்சி ஆடுவது சனிக்கிழமை, அவருக்கு அனுப்பும் நாள். முதன்முறையாகச் சனிக்கிழமையில் விடுப்பு எடுத்துக்கொண்டு, பிற்பகல் நான்கு மணிக்குக் கால்பந்து அரங்கின் வடக்கு வாயிலுக்குப் போனார். வழக்கம்போல் இருக்கையில் போட்டுக்கொள்ளும் சிறு மெத்தையைக் கையிடுக்கில் வைத்திருந்தார். படியில் ஏறும்போதே நீலச் சட்டை அணிந்த ஒரு பருத்த மனிதர் அதைப் பார்த்துவிட்டார்.

“பெரியவரே, தூங்க வந்தீங்களா?”

“உக்கார...”

“இங்க யாரு உக்காருறா? சீட்டு இருக்கிறது மேல ஏறி நிக்கிறதுக்கு.”

உண்மைதான். எண்ணாயிரம் பேர் நின்றார்கள். கிழக்கு ஸ்டாண்டில் நாற்பது பேரும் நாற்பது பேராகவே இருப்பார்கள். இங்கே எண்ணாயிரம் பேரும் ஒரே ஆளாக இருந்தார்கள். அந்த ஆளுக்குக் குரல் ஒன்று, கோபம் ஒன்று. அங்கே என்ன நடந்தது என்று கேட்டால், பந்து எங்கே விழுந்தது, எப்படித் திரும்பியது, மட்டையாளர் சென்ற ஆண்டு இதே தவற்றை எங்கே செய்தார் என்பது வரை விளக்குவார்கள். இங்கே அவர், “என்னங்க ஆச்சு?” என்று கேட்டதற்கு, பக்கத்திலிருந்தவர், “பாருங்க, பாருங்க” என்று அவர் தோளைப் பிடித்து முன்னே தள்ளினார். ஓசை முதலில் வந்தது. காரணம் பிறகு வந்தது. சில வேளைகளில் வரவே இல்லை.

ஆளைத் தேடுவதும் எளிதாக இல்லை. அங்கு நின்றபோதுதான் தம் நிலை அவருக்கு விளங்கிற்று. பதினான்கு ஆண்டுகளாக அவர் பார்த்தது அம்மனிதரின் வலக்கன்னத்தை மட்டுமே. அச்செடுத்த அன்று நேருக்கு நேர் பார்த்தபோது, பார்த்தது பற்களை. எண்ணாயிரம் தலைகள் ஆடிக் குலுங்கும் இடத்தில் ஒரு வலக்கன்னத்தை எங்கே தேடுவது? வாய்களைப் பார்த்தார், எல்லாம் திறந்துதான் இருந்தன.

முப்பது நிமிடம் கடந்திருக்கும். நீலச் சட்டைக்காரன் ஒருவன் இருபது கஜத்திலிருந்து ஓங்கி உதைத்தான். எதிர்க்கட்சியின் கோல் காவலன், அந்த வடக்குக் கோலின் முன் நின்றவன், உடம்பு முழுவதும் காற்றில் கிடக்கப் பாய்ந்து, விரல் நுனியால் பந்தைக் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டான். எண்ணாயிரம் பேரும் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரே பெருமூச்சு விட்டார்கள். பிறகு, அமைதி.

அந்த அமைதியில் பல் மாஸ்டர் கை தட்டினார்.

யோசித்துச் செய்ததன்று. நன்றாக ஆடினான், தட்டினார். கிழக்கு ஸ்டாண்டில் நாற்பது பேரும் தட்டியிருப்பார்கள். நான்காம் தட்டலில்தான் தம்மைச் சுற்றி முகங்கள் திரும்புவதைக் கண்டார்.

“யாருக்குங்க கை தட்டுறீங்க?” என்றார் பருத்த மனிதர்.

“நல்லாத் தடுத்தாருங்க.”

“தடுத்தது அவங்க ஆளு.”

“ஆமாங்க. நல்லாத் தடுத்தாரு.”

“பெரியவரே, உங்க ஸ்டாண்டு எதிர்ப்பக்கம். வழி தெரியாம வந்துட்டீங்களா, இல்ல வம்புக்கு வந்தீங்களா?”

பின்னாலிருந்து ஒருவன், “மெத்தையோட வந்திருக்காரு, வம்புக்கா வருவாரு?” என்றான். சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை. யாரோ அவர் சட்டைத் தோளைப் பற்றினார்கள். அப்போது, நான்கைந்து படிகளுக்குக் கீழே, இன்னொருவர் கை தட்டுவது கேட்டது. அவசரமில்லாத தட்டல், ஒரு நல்ல ஆட்டத்துக்கு என்ன கொடுக்க வேண்டுமோ அதை அளந்து கொடுக்கும் தட்டல்.

“அங்க ஒருத்தரு,” என்றார் பருத்த மனிதர், நம்ப மாட்டாதவராய். “ரெண்டு பேரும் சேர்ந்து வந்தீங்களா?”

“இல்லைங்க,” என்ற பல் மாஸ்டர், கீழே ஒரு வலக்கன்னத்தைக் கண்டு, “ஆமாங்க” என்றார்.

தோளைப் பற்றிய கை விட்டது. அவர் மெத்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக் கேட்டுப் படியிறங்கினார். பக்கத்து இருக்கைக்காரர் நீலச் சட்டை அணிந்திருந்தார். அது அவருக்கு ஓர் அளவு பெரிது.

“சார்.”

“சார், நீங்க எங்க இங்க? தட்டினது நீங்கதானா? இந்த இடத்துல அப்படித் தட்ட யாருடா இருக்கான்னு பார்த்தேன்.” அவர் பக்கத்தில் நின்ற இளைஞரிடம் திரும்பினார். “மாப்ளே, இவருதான்... நான் சொல்லியிருக்கேனே... கிரிக்கெட்ல...” என்று தொடங்கி நிறுத்தினார். மேலே சொல்ல அவரிடம் பெயர் இல்லை. “பக்கத்து சீட்டு” என்று முடித்தார்.

“வணக்கம் சார்,” என்றார் மருமகன், கண்ணை ஆட்டத்திலிருந்து எடுக்காமல்.

இடைவேளை பதினைந்து நிமிடம். கிரிக்கெட்டில் மூன்று நாள்களில் பரப்பிப் பேசுவதை அந்தப் பதினைந்து நிமிடத்தில் பேச வேண்டியிருந்தது. மருமகன் தேநீர் வாங்கப் போனார். பக்கத்து இருக்கைக்காரர் வேகமாகப் பேசினார். நேருக்கு நேர் பார்த்துப் பேசினார். அது இருவருக்குமே பழக்கமில்லாததாக இருந்தது.

“வீட்டுல போயிட்டாங்க சார். மார்ச்ல. முழங்கால்னு ஆஸ்பத்திரிக்குப் போனோம், முழங்கால் இல்ல. பதினெட்டு நாள்தான்.”

கிழக்கு ஸ்டாண்டாக இருந்தால், பதில் சொல்லப் பல் மாஸ்டருக்கு ஓர் ஓவர் முழுவதும் அவகாசம் இருந்திருக்கும்.

“அந்த வீட்டைக் காலி பண்ணிட்டேன். இப்ப மூத்தவகிட்ட. அவ என்னை வெயில்ல உக்கார விடமாட்டா. இவன் வண்டியில கூட்டிட்டு வர்றான், ரெண்டு மணி நேரம், திரும்பக் கூட்டிட்டுப் போயிடுறான். கத்துறதுக்கு ஒரு இடம் வேணும்னான் சார். சரியாத்தான் சொல்றான். அங்க நமக்குக் கத்தவே வராதே. ஒண்ணும் புரியலை, ஆனா கத்துறேன்.”

“அங்க வரமாட்டீங்களா சார், இனிமே?”

“எங்க சார் முடியும்? மூணு நாள் சும்மா உக்காந்தா எனக்கு நினைப்பு வந்துடும்.”

அவர் சிரிக்க முயன்றார். அப்போதுதான் பல் மாஸ்டர் பார்த்தார். மேல் வரிசை முழுவதும் ஒரே வெள்ளை, ஒரே நேர்க்கோடு. எஞ்சியிருந்த மஞ்சள் பற்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முழு செட்டாக வைத்திருந்தார்கள். யாருடைய வேலை என்று அவரால் சொல்ல முடிந்தது: மேம்பாலத்துக்கு அப்பாலுள்ள, பல் கட்டும் பெரிய கூடம். மோசமில்லை, கடிப்பு மட்டும் இடப்பக்கம் சற்று உயர்ந்திருந்தது.

அவர் பார்வை போன இடத்தைப் பக்கத்து இருக்கைக்காரர் கண்டுகொண்டார். கையால் வாயை மூடினார்.

“சார், மறந்தே போச்சு. நீங்க பண்ணித் தரேன்னு அச்செல்லாம் எடுத்தீங்களே. பொண்ணு பிடிவாதமாக் கூட்டிட்டுப் போயிட்டா. நீங்க அதைப் பண்ணிட்டீங்களா?”

பெட்டி சட்டைப் பையில் இருந்தது.

“இல்ல சார். வேலை ஜாஸ்தி. இன்னும் தொடவே இல்ல.”

“நல்லதாப் போச்சு,” என்றார் பக்கத்து இருக்கைக்காரர். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி உண்மையானது. “உங்க உழைப்பு வீணாயிருந்தா எனக்குக் கஷ்டமா இருந்திருக்கும்.”

“இடப்பக்கம் மெல்லும்போது உறுத்துதா சார்?”

“லேசா. எப்படித் தெரியும்?”

“போய்ச் சொல்லுங்க. துளி தேய்ச்சாப் போதும். அஞ்சு நிமிஷ வேலை.”

மருமகன் மூன்று கோப்பைகளோடு வந்தார். ஊதல் ஒலித்தது. எண்ணாயிரம் பேரும் மறுபடி ஒரே ஆளாக ஆனார்கள். அதற்குமேல் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

எழுபதாம் நிமிட அளவில் நீலக் கட்சி கோல் போட்டது. பருத்த மனிதர் எங்கிருந்தோ இறங்கி வந்து பல் மாஸ்டரைத் தரையிலிருந்து தூக்கிவிட்டார். முன்பின் அறியாத கைகள் அவர் தலையைத் தட்டின, கன்னத்தைப் பிடித்தன. தம்மைக் கடைசியாக ஒரு மனிதர் இப்படி அணைத்தது எப்போது என்று எண்ணிப் பார்க்கக்கூட நேரம் தராமல், பக்கத்து இருக்கைக்காரர் அவரை இறுகக் கட்டிக்கொண்டார். பெட்டியின் மூலை இருவர் மார்புக்கும் இடையில் அழுத்தியது. பக்கத்து இருக்கைக்காரர் அழுதுகொண்டிருந்தார். சுற்றிலும் பலர் அழுதுகொண்டிருந்ததால், அது எதற்கான அழுகை என்று எவரும் கேட்கவில்லை. பிறகு, பந்து நடுவில் வைக்கப்பட்டது. கைகள் அவரவரிடம் திரும்பின.

கிழக்கு ஸ்டாண்டு பிற்பகல் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகும். ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டு போவார்கள். இந்த அரங்கம் பத்தே நிமிடத்தில் ஒரே வாயில் வழியாக வடிந்தது. வெளியே மருமகன் வண்டியை முறுக்கிக்கொண்டிருக்க, பக்கத்து இருக்கைக்காரர் பின்னால் ஏறி அமர்ந்தார்.

“அடுத்த சனிக்கிழமை வாங்க சார். இங்கயே, இதே படி.”

“சனிக்கிழமை எனக்கு அனுப்புற நாள் சார். இன்னிக்கு லீவு போட்டேன்.”

“முடிஞ்சா வாங்க.”

“பார்க்கிறேன் சார்.”

வண்டி நீலச் சட்டைகளுக்குள் கலந்தது. எந்த முதுகு அவருடையது என்று சிறிது தூரம் வரை தெரிந்தது.

பேருந்தில் அவருக்கு ஓர் இருக்கை கிடைத்தது. ஆட்டத்துக்கு வர இயலாத யாரோ ஒருவர், அவர் சட்டை கசங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி குனிந்து கேட்டார்.

“மேட்ச்லேருந்தா சார்? ஜெயிச்சாச்சா?”

“ஒண்ணு போட்டாங்க. அவங்க போடலை.”

“யாரு சார் போட்டது?”

பல் மாஸ்டர் யோசித்தார். இரண்டாம் பாதி முழுவதும் அவர் ஆடுகளத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவரின் முகத்தை, முழு முகத்தை, பார்த்துக்கொண்டிருந்தார்.

“கவனிக்கலைங்க.”

“மேட்சுக்குத்தானே போனீங்க?”

“ஆமாங்க,” என்றார்.

கேட்டவர் ஒரு விநாடி நின்றுவிட்டு, பேருந்தின் முன்பக்கத்தில் நீலச் சட்டை அணிந்த வேறொருவரைத் தேடிப் போனார்.